காருக்கு நகர வரி வாங்கி டவுன் பஸ்ஸுக்குக் கொடுத்தால் என்ன?

வெட்டாற்றங்கரையான் (தஞ்சாவூர் பக்கம்)

கார் வாங்கலாமா என்று இரண்டு மாதமாக வீட்டில் பேச்சு. போன சனிக்கிழமை விலை கேட்கப் போனேன். வண்டி விலை 9 லட்சம். விற்பனைப் பையன் ஒரு துண்டுச் சீட்டில் ஆன்ரோடு கணக்கை எழுதிக் கொடுத்தான். அதில் லைஃப் டாக்ஸ் (வாங்கும்போதே ஒரே தடவையாகக் கட்டும் வாகன வரி) மட்டும் 1,17,000 ரூபாய். 2023 நவம்பருக்கு முன்னால் என்றால் 10 சதவீதம், 90,000 ரூபாயோடு போயிருக்கும். இப்போது 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரைக்கும் 13 சதவீதம். "இந்தப் பணம் எங்கே தம்பி போகுது?" என்று கேட்டேன். "மெட்ராஸுக்கு சார்" என்று சிரித்தான்.

சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு வந்து நின்றேன். எங்கள் ஊருக்கு முன்பு ஒரு நைட் ஹால்ட் பஸ் உண்டு. ராத்திரி ஒன்பதரைக்குக் கிளம்பி வந்து மாரியம்மன் கோயில் வேப்பமரத்தடியில் நிற்கும். டிரைவரும் கண்டக்டரும் பஸ்ஸிலேயே படுத்துக்கொள்வார்கள். விடிகாலை ஐந்து மணிக்குப் பால் கேன், பூக்கூடை, கட்டுச்சோற்றோடு சித்தாள் வேலைக்குப் போகிறவர்கள் என்று நிரம்பிக் கிளம்பும். சில வருஷம் முன்பு அது நின்றுபோனது. அதற்கப்புறம் எங்கள் தெருவுக்கு வந்த பைக்குகளை எண்ணக் கைவிரல் போதாது. கார் மூன்று. என்னுடையது நாலாவது.

வெளிநாட்டில் பல ஊர்களில் கார் வைத்திருப்பவரிடம் வருஷா வருஷம் ஒரு தொகை வாங்கி பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் செலவு செய்கிறார்கள் என்று படித்தேன். தஞ்சாவூர், கும்பகோணம் மாநகராட்சிகளும் அப்படி ஒன்று வாங்கினால் என்ன? காருக்கு வருஷம் ஆயிரம் ஆயிரத்தைந்நூறு. தனிக் கணக்கில் போட்டு டவுன் பஸ்ஸுக்கு மட்டும் எடுக்க வேண்டும். நானே கார் வாங்கப் போகிறவன்தான். ஆனாலும் கட்டுவேன். உங்கள் கருத்து என்ன?

கணக்குப்பிள்ளை (கும்பகோணம்)

அண்ணே, கட்டுகிற ஆசை உங்களுக்கு இருந்தால் தனியாக மணியார்டர் அனுப்புங்கள். ஊரை இழுக்காதீர்கள்.

முதலில் சட்டம். வாகன வரி அரசியல் சாசனத்தின் மாநிலப் பட்டியலில் 57ஆவது இனம். சட்டமன்றம் சட்டம் போட்டு அதிகாரம் கொடுத்தால்தான் மாநகராட்சி அதில் கை வைக்க முடியும். கவுன்சிலில் தீர்மானம் போட்டு மறுநாள் வசூலிக்க இது தண்டோரா இல்லை.

இரண்டாவது, கார்க்காரன் ஏற்கெனவே கட்டுவதைப் பாருங்கள். வாங்கும்போது ஜி.எஸ்.டி., அப்புறம் நீங்கள் சொன்ன லைஃப் டாக்ஸ், இன்சூரன்ஸ் பிரீமியத்தின் மேல் 18 சதவீதம், பெட்ரோலில் மத்திய வரி ஒன்று மாநில வரி ஒன்று, திருச்சிக்குப் போனால் வாழவந்தான்கோட்டையில் சுங்கம், வண்டி 15 வருஷம் தாண்டினால் பசுமை வரி. இதற்கு மேல் நகர வரியும் வேண்டுமா?

மூன்றாவதுதான் முக்கியம். 2022 ஏப்ரலில் சொத்து வரியைக் குடியிருப்புகளுக்கே 25இலிருந்து 100 சதவீதம் வரை ஏற்றினார்கள். கடைகளுக்கு 100. கட்டினோம். தெருவிளக்கு இரட்டிப்பாக எரிந்ததா? தனிக் கணக்கு, தனிக் கணக்கு என்கிறீர்கள். வாங்கும்போது தனிதான். செலவழிக்கும்போது எல்லாம் ஒரே உண்டியல்.

சோழநாட்டு ஷேர் ஆட்டோ

கணக்குப்பிள்ளை சொன்னதுக்கு ப்ளஸ் நூறு.

ஓய்வு நடத்துநர் (குடந்தை)

சோழன் போக்குவரத்துக் கழகம் என்று 1972இல் தொடங்கிய காலத்து ஆட்களிடம் வேலை கற்றவன் நான். 1997இல் எல்லாக் கழகங்களுக்கும் பெயர் மாறியபோது பணியில் இருந்தேன். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், மன்னிக்கவும்.

நைட் ஹால்ட் பஸ் ஏன் நிற்கிறது தெரியுமா? ராத்திரி கடைசி சிங்கிளில், அதாவது ஒரு வழி நடையில், ஏறுவது பத்துப் பேர். கிலோமீட்டருக்கு எவ்வளவு கலெக்‌ஷன் என்று தாளில் பார்த்தால் அந்த நடை எப்போதும் அடிமட்டத்தில் இருக்கும். ஆனால் காலை முதல் சிங்கிளில் படிக்கட்டு வரை ஆள். ராத்திரி வண்டி வராமல் காலை வண்டி எப்படிக் கிளம்பும்? இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தாளில் தனித்தனி வரியாக இருப்பதால் ராத்திரி வரியில் பேனா விழுகிறது.

கட்டணம் கடைசியாக ஏறியது 2018 ஜனவரியில். மாணவர்கள் தெருவுக்கு வந்து போராடினார்கள், பிறகு கொஞ்சம் குறைத்தார்கள். அதற்கப்புறம் டீசல், டயர், சம்பளம் எல்லாம் எங்கோ போய்விட்டன, டிக்கெட் அங்கேயே நிற்கிறது. ஏற்றச் சொல்லவில்லை. நடவுக்குப் போகிற அம்மாவின் கூலியில் எதைப் பிடுங்குவது? ஆனால் வித்தியாசத்தை யாராவது கொடுத்துத்தானே ஆகவேண்டும். இப்போது பாதியை அரசு கொடுக்கிறது, மீதியை ஓய்வுபெற்றவன் பணப்பலனுக்குக் காத்திருந்து கொடுக்கிறான். 2024 ஜனவரியில் வேலைநிறுத்தம் வந்தது சும்மா இல்லை.

ஆகவே வரி என்றால் எனக்கு விரோதமில்லை. கேள்வி, அது பணிமனைக்கு வந்து சேருமா என்பதுதான்.

அரிசிமில் (ஒரத்தநாடு)

நடத்துநர் ஐயா, கடைசி பஸ்ஸைக் கை காட்டினாலும் நிறுத்தாமல் போவது எந்தக் கணக்கு?

ஓய்வு நடத்துநர் (குடந்தை)

நான் நிறுத்தியிருக்கிறேன் தம்பி. மற்றவர்களுக்காக வாதாட மாட்டேன்.

குடந்தையான்_சியாட்டில்

ஊர் கும்பகோணம், பதினான்கு வருஷமாக அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டில் பக்கம். நீங்கள் பேசுகிற வரியை வருஷா வருஷம் கட்டிக்கொண்டிருக்கிறவன் என்பதால் நடந்ததைச் சொல்கிறேன்.

இங்கே சவுண்ட் டிரான்சிட் என்ற அமைப்பு மூன்று கவுண்டிகளில் (நம் மாவட்டம் மாதிரி) லைட் ரயில், பஸ் நடத்துகிறது. 2016 நவம்பரில் மக்களிடமே ஓட்டு வாங்கி கார் வரியை மதிப்பில் 1.1 சதவீதமாக ஏற்றினார்கள். கார் மதிப்பு 10,000 டாலர் என்றால் வருஷம் 110 டாலர், நம்பர் புதுப்பிக்கும்போது சேர்ந்து வரும். ஓட்டுப் போட்டவர்கள்தான், ஆனால் பில் வீட்டுக்கு வந்ததும் கொதித்துப் போனார்கள். வரி கட்டுவதில்கூட அவ்வளவு கோபம் இல்லை. மதிப்பு போட்ட விதம்தான் எரிச்சல். 1990களின் பழைய தேய்மான அட்டவணையை வைத்துக் கணக்கிட்டார்கள். சந்தையில் விற்கப் போனால் வராத விலையைத் தாளில் வைத்து அதற்கு வரி. 'மாற்றுங்கள்' என்றால், 'அந்த வருமானத்தைக் காட்டி ஏற்கெனவே கடன்பத்திரம் விற்றுவிட்டோம், கடன் தீரும்வரை மாற்ற முடியாது' என்றார்கள்.

விளைவு: 2019இல் 'கார் கட்டணம் 30 டாலருக்கு மேல் கூடாது' என்று ஐ-976 என்ற மக்கள் முன்மொழிவு மாநிலம் முழுக்க ஜெயித்தது. வேடிக்கை என்ன என்றால், ரயில் ஓடுகிற சியாட்டில் இருக்கும் கிங் கவுண்டி அதற்கு எதிராக ஓட்டுப் போட்டது. பக்கத்திலேயே நிலையம் வந்தவர்கள் வரியைக் காப்பாற்றினார்கள், பில் மட்டும் வந்தவர்கள் கவிழ்த்தார்கள். கடைசியில் 2020 அக்டோபரில் மாநில உச்ச நீதிமன்றம் அந்த முன்மொழிவையே செல்லாது என்றது. ஒரே சட்டத்தில் பல விஷயங்களைத் திணித்தது, தலைப்பு மக்களைத் தவறாக வழிநடத்தியது என்று காரணம். வரி பிழைத்தது. கோபம் இன்னும் அப்படியே இருக்கிறது.

தஞ்சாவூரில் போடுவதாக இருந்தால் காரின் மதிப்பை வைத்துப் போடாதீர்கள். பழைய கார் எவ்வளவு பெறும் என்று ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் சண்டை நடக்கும்.

காரைக்கால் மாப்பிள்ளை

சியாட்டில் வரைக்கும் எதற்கு, எங்கள் ஊருக்கு வாருங்கள்.

காரைக்கால் டெல்டாவில்தான் இருக்கிறது. ஆனால் புதுச்சேரி யூனியன் பிரதேசம். பெட்ரோல் விலை வேறு, வாகன வரி வேறு. நாகப்பட்டினம், மயிலாடுதுறை பக்கம் சாலையில் நின்று பாருங்கள், பி.ஒய். 02 வண்டி எத்தனை போகிறது என்று. அத்தனையும் காரைக்கால்காரன் வண்டியா? என் மச்சினன் ஒருவன், இருப்பது மயிலாடுதுறையில், கார் நம்பர் பி.ஒய். 02. முகவரி? எங்கள் வீடு! வேறு மாநில வண்டியை 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் இங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் இருப்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கார் வாரா வாரம் மாமியார் வீட்டுக்கு வந்துவிடுகிறதே, பன்னிரண்டு மாதம் எங்கே தொடர்ச்சியாக ஆனது என்பான்.

மயிலாடுதுறை நகரத்தில் மட்டும் வருஷ வரி போட்டால் என் வீட்டு முகவரியில் இன்னும் நாலு கார் குடியேறும்.

கணக்குப்பிள்ளை (கும்பகோணம்)

மாப்பிள்ளை, இதைப் பொதுவெளியில் எழுதிவிட்டீர்கள், மச்சினன் படிக்காமல் இருக்க வேண்டும்.

ஆனால் என் கட்சிக்கு நல்ல சாட்சி. சொந்தமாக வைத்திருப்பதற்கு வரி போட்டால் நம்பர் பிளேட் இடம் மாறும், நெரிசல் அங்கேயே இருக்கும். கும்பகோணத்தில் சனி ஞாயிறு எங்கள் தெருவை அடைப்பது யார்? நவக்கிரகம் சுற்ற வருகிற சென்னை, பெங்களூரு, கோயம்புத்தூர் வண்டிகள். திருநாகேஸ்வரம், சூரியனார்கோயில், கஞ்சனூர் என்று ஒரே நாளில் ஒன்பதும் முடிக்க வேண்டும் என்று பறக்கிறார்கள். அவர்கள் ஒரு பைசா நகர வரி கட்ட மாட்டார்கள். ரேஷன் வாங்க மாதம் இரண்டு தடவை காரை எடுக்கிற நான் கட்டவேண்டும்!

டீச்சரம்மா (திருவாரூர்)

ஆண்கள் எல்லாரும் காரைப் பற்றியே பேசுகிறீர்கள். டெல்டா ஓடுவது ஸ்கூட்டரில். எங்கள் பள்ளி வாசலில் பதினெட்டு ஆசிரியர்கள், பதினாறு ஸ்கூட்டர், ஒரு கார், ஒருவர் பஸ். காருக்கு என்று ஆரம்பிப்பார்கள், வசூல் போதவில்லை என்று அடுத்த வருஷம் எங்களிடம் வருவார்கள். 2023இல் எங்களையும் விட்டார்களா? இரண்டு சக்கரத்துக்கும் 8 சதவீதம் இருந்ததை ஒரு லட்சம் வரை 10, அதற்கு மேல் 12 என்று ஆக்கினார்கள். நான் வாங்கிய வண்டிக்கே ஒன்பதாயிரம் ரூபாய் லைஃப் டாக்ஸ்.

2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. எங்கள் ஊர்ப் பெண்கள் அதை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று கிட்டே இருந்து பார்க்கிறேன். கட்டணமில்லாச் சீட்டைக் கிழித்துக் கொடுத்ததும் அதை முந்தானை முடிச்சில் பத்திரமாக வைத்துக்கொள்வார் எங்கள் சத்துணவு அக்கா. 'காசு கொடுக்காத டிக்கெட், செக்கர் வந்தா காட்டணும்ல' என்பார். மிச்சமான பணத்தில் பேத்திக்கு டியூஷன். ஆனால் அதே அக்கா திரும்பும்போது பிங்க் பஸ் முக்கால் மணி நேரம் வராமல், பின்னால் வந்த மொஃபசல் பஸ்ஸில் காசு கொடுத்துப் போகிறார். இலவசம் இருக்கிறது, பஸ் இல்லை.

பஸ் சரியாக வந்தால் நானே ஸ்கூட்டரை விட்டுவிடுவேன். மார்கழி விடியலில் பனியும், சம்பா அறுவடை நேரத்தில் சாலையில் காயப்போட்ட வைக்கோலும் ஸ்கூட்டருக்கு எப்படி இருக்கும் என்று ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

மன்னை_சிங்கை

வணக்கம். மன்னார்குடி. சிங்கப்பூரில் பஸ் பணிமனையில் மெக்கானிக்.

இங்கே கார் வாங்கவே முதலில் உரிமைச் சீட்டு வேண்டும், சி.ஓ.இ. என்பார்கள். 1990 முதல் இருக்கிறது. ஏலத்தில் எடுக்க வேண்டும், பத்து வருஷம்தான் செல்லும். 2023இல் பெரிய கார் சீட்டு ஒன்று ஒன்றரை லட்சம் சிங்கப்பூர் வெள்ளியைத் தொட்டது. கார் இல்லை, வெறும் சீட்டு! கூடவே பதிவுக்கட்டணம் தனி, சாலையில் நெரிசல் நேரத்தில் போனால் தனிக்கட்டணம். எங்கள் சூப்பர்வைசருக்கே கார் கிடையாது.

ஆனால் ஒன்று சொல்கிறேன். அந்தப் பணம் பஸ்ஸுக்கு என்று தனியாக எழுதி வைக்கப்படவில்லை, அரசுப் பொதுக் கணக்குக்குத்தான் போகிறது. ஆனால் 2016இலிருந்து பஸ்ஸை அரசே வாங்கி, கம்பெனிகளிடம் இத்தனை நிமிஷத்துக்கு ஒரு வண்டி ஓட்டு என்று ஒப்பந்தம் போடுகிறது. டிக்கெட் பணம் அரசுக்கு, ஓட்டுகிற கூலி கம்பெனிக்கு. அதனால் ஆள் குறைவான ராத்திரி நடையை வெட்டினால் கம்பெனிக்கு லாபம் இல்லை, வண்டி வராவிட்டால் அபராதம்தான். நடத்துநர் ஐயா சொன்ன பேனா இங்கே விழாது.

மன்னார்குடியில் விடுப்புக்கு வந்தால் முதல் வேலை வாடகைக் கார் பிடிப்பது. பத்து நாள் வாடகையை நினைத்தால் வயிறு எரிகிறது.

நிர்வாகி

எந்த ஆட்சியில் பஸ் அதிகம் என்ற சண்டை இங்கே வேண்டாம். ஆறு பதிவுகளை எடுத்திருக்கிறேன். இன்னொரு தடவை வந்தால் இழையைப் பூட்டுவேன்.

மாயவரம் தாத்தா

எல்லாரும் இது புதுசு என்பது போலப் பேசுகிறீர்கள். உள்ளூர் வரி வாங்கிப் போக்குவரத்து நடத்துவது டெல்டாக்காரனுக்குப் பாட்டன் காலத்துப் பழக்கம்.

மயிலாடுதுறையிலிருந்து திருவாரூர் வழியாக முத்துப்பேட்டைக்குப் போன ரயில் பாதை யார் போட்டது? வெள்ளைக்காரக் கம்பெனி இல்லை, சர்க்காரும் இல்லை. தஞ்சாவூர் ஜில்லா போர்டு. நிலத்தீர்வையோடு ரூபாய்க்கு இத்தனை தம்பிடி என்று ரயில்வே செஸ் வசூலித்துச் சேர்த்த பணம். 1894இல் வண்டி ஓடியது. ஓட்டியது தென்னிந்திய ரயில்வே, பாதை ஜில்லா போர்டுக்குச் சொந்தம். பிறகு அறந்தாங்கி வரை நீட்டினார்கள். பண்ணையாரிலிருந்து அரை வேலி வைத்திருந்தவர் வரைக்கும் கட்டியிருக்கிறார்கள். அவர்கள் முணுமுணுக்காமல் கட்டினார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கட்டிய பணம் ஸ்டேஷன் கட்டடமாக அவர்கள் கண்ணெதிரே எழுந்தது.

இன்னொன்று. என் தகப்பனார் சைக்கிளுக்கு நகராட்சி வில்லை வாங்குவார். தகரத்தில் பொட்டுப் போல இருக்கும், நம்பரும் வருஷமும் அடித்திருக்கும். ஹேண்டில்பாருக்குக் கீழே கம்பியால் கட்டியிருப்பார். புது வருஷ வில்லை வாங்காமல் கடைத்தெருவுக்குப் போனால் பிடிப்பார்கள் என்று ஒருநாள் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு சந்து வழியாக வந்தது எனக்கு ஞாபகம். மாட்டு வண்டிக்கும் வரி இருந்தது. ஆக, நகராட்சிக்கு வண்டி வரி அதிகாரமே கிடையாது என்பது சரித்திரத்தில் நிற்காது, கணக்குப்பிள்ளை. மோட்டாரை மட்டும் 1931இல் மாகாணச் சட்டம் போட்டு மேலே எடுத்துக்கொண்டார்கள். உள்ளூர் போர்டுகள் சுங்கம் வாங்குவதை நிறுத்தி, அதற்குப் பதில் மேலிருந்து ஈட்டுத்தொகை தருவதாக ஏற்பாடு. பிடுங்கியது நினைவிருக்கிறது, ஈடு கொடுக்க வேண்டியது மறந்துபோயிற்று!

கொஞ்சம் விலகிப் போகிறேன். எங்கள் ஊரிலிருந்து தரங்கம்பாடிக்கு ஒரு ரயில் இருந்தது, 1926இல் வந்து 1986இல் போய்விட்டது. திருவாரூர் - காரைக்குடி பாதை அகலமாகி 2019இல் திறந்தபோது கேட்கீப்பர் போடவில்லை. கேட்டுக்கு முன்னால் ரயில் நிற்கும், ஓர் ஆள் இறங்கிப் போய் கேட்டை மூடுவார், ரயில் தாண்டி நிற்கும், திறந்துவிட்டு ஓடிவந்து ஏறுவார். ஒவ்வொரு கேட்டுக்கும் இதே கதை. பாதை போடக் காசு கிடைக்கும், அதை ஓட்டுகிற ஆளுக்குச் சம்பளம் கொடுக்கத்தான் ஒருவரும் வரமாட்டார்கள்.

கணக்குப்பிள்ளை (கும்பகோணம்)

தாத்தா, ஜில்லா போர்டு சங்கதி எனக்குத் தெரியாது. ஒத்துக்கொள்கிறேன். அதற்காக வரிக்கு ஒத்துக்கொண்டேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சரி, ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். ஊரில் பத்தாயிரம் கார் என்று வையுங்கள், ஆளுக்கு ஆயிரம். ஒரு கோடி. வசூல் செய்கிற ஆள், மென்பொருள், நோட்டீஸ், வழக்கு போக எவ்வளவு மிஞ்சும்? ஒரு பஸ்ஸுக்கு இரண்டு ஷிஃப்ட், நாலு பேர் சம்பளம், டீசல், டயர், எஃப்.சி. எத்தனை பஸ் ஓடும் என்று நடத்துநர் ஐயாவே சொல்லட்டும்.

ஆனால் உங்கள் 1931 கதையிலிருந்து எனக்கு வேறொன்று தோன்றுகிறது. வெட்டாற்றங்கரையான் 1,17,000 கட்டப் போகிறாரே, அதில் இருபதில் ஒரு பங்கு, 5,850 ரூபாய், அவர் ஊர்ப் பணிமனைக்குத் திரும்பினால் போதும். புது வரி வேண்டாம், புது வசூல் ஆள் வேண்டாம், காரைக்காலுக்கு யாரும் ஓட வேண்டாம். வருஷம் ஆயிரம் என்று அவர் ஆறு வருஷம் கட்டுவது கிட்டத்தட்ட ஒரே நாளில் வந்துவிடும். ஏற்கெனவே வாங்கியதில் பங்கு கேட்பது பிச்சை இல்லை.

ஓய்வு நடத்துநர் (குடந்தை)

ஒரு கோடியில் ஊர் முழுக்கப் புது பஸ் ஓட்ட முடியாது. ஆனால் இருக்கிற பஸ்ஸின் கடைசி சிங்கிளையும் நைட் ஹால்ட்டையும் காப்பாற்றலாம். வண்டி இருக்கிறது, ஆளும் இருக்கிறார். வித்தியாசக் காசைத்தான் யாரும் தருவதில்லை.

பங்கு கேட்கலாம். நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

அரிசிமில் (ஒரத்தநாடு)

மினி பஸ் வந்துவிட்டதே. 2025 ஜூனில் தஞ்சாவூரில்தானே புதுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார்கள். அது போதாதா?

டீச்சரம்மா (திருவாரூர்)

மினி பஸ் தனியார். பகலில் கூட்டம் இருக்கிற நேரம் நன்றாக ஓடுகிறது, நானே போயிருக்கிறேன். ராத்திரி ஒன்பதரைக்கு எந்த முதலாளி ஓட்டுவார்?

குடந்தையான்_சியாட்டில்

லண்டனையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அங்கே கார் வைத்திருப்பதற்கு இல்லை, நகர மையத்துக்குள் ஓட்டினால் கட்டணம். 2003 பிப்ரவரி 17ஆம் தேதி 5 பவுண்டில் தொடங்கினார்கள். கட்டணம் தொடங்கிய அன்றைக்கே கூடுதலாக 300 பஸ் தெருவில் இருந்தது. வருகிற பணம் போக்குவரத்துக்குத்தான் என்று சட்டத்திலேயே எழுதினார்கள். எங்கள் ஊரில் வரி முதலில், ரயில் பல வருஷம் கழித்து. இரண்டும் கார்க்காரர் கொடுக்கும் பணம்தான். அங்கே முணுமுணுப்போடு கட்டணம் நிலைத்தது, இங்கே வரியைக் கவிழ்க்க மாநிலம் முழுக்க ஓட்டெடுப்பு வரை போயிற்று.

கும்பகோணத்தில் சென்னை வண்டிகளிடம் வாங்க வேண்டும் என்று கணக்குப்பிள்ளைக்கு ஆசை இருந்தால் வழி இதுதான். கோயில் தெருக்களில் நிறுத்தும் நேரத்துக்கு ஒழுங்காகக் காசு, ஊருக்கு வெளியே நிறுத்தம், அங்கிருந்து கோயிலுக்கு பஸ். 2028இல் மகாமகம் வருகிறது.

கணக்குப்பிள்ளை (கும்பகோணம்)

மகாமகத்துக்கு எப்படியும் ஊருக்கு வெளியேதான் வண்டியை நிறுத்தச் சொல்வார்கள். பத்து நாளைக்குச் செய்வதை ஒவ்வொரு ஞாயிறும் செய்தால் நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். 2024இல் போக்குவரத்துக் கழகமே சனி ஞாயிறு நவக்கிரக பஸ் என்று குடந்தையிலிருந்து விட்டதற்கு டிக்கெட் கிடைக்காமல் என் அக்கா வீட்டார் திரும்பினார்கள். 750 ரூபாய் கொடுத்துப் போக ஆள் இருக்கிறது.

காரைக்கால் மாப்பிள்ளை

மச்சினன் படித்துவிட்டான். ராத்திரி போன் வந்தது.

வெட்டாற்றங்கரையான் (தஞ்சாவூர் பக்கம்)

நாலு நாளாக எல்லாவற்றையும் படித்தேன். நேற்றுக் காலை ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டபோது சும்மா எண்ணினேன். எனக்கு முன்னால் பதினொரு கார். ஏழில் ஓட்டுகிறவர் மட்டும். இரண்டு கார் நடுவே ஒரே ஒரு டவுன் பஸ், படிக்கட்டில் பையன்கள் தொங்கிக்கொண்டு, கண்டக்டர் பின்வாசலிலிருந்து முன்வாசலுக்கு டிக்கெட் கை மாற்றி அனுப்பிக்கொண்டு. கேட் திறந்ததும் பதினொரு காரும் முண்டியடித்துப் போயின. பஸ் கடைசியில்தான் தண்டவாளத்தைத் தாண்டியது. எட்டே முக்காலுக்குப் பள்ளி மணி அடித்திருக்கும்.

கார் வாங்குவதைத் தள்ளிப் போட்டிருக்கிறேன். வீட்டில் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, அம்மாவுக்கு டயாலிசிஸ் வாரம் இரண்டு நாள், ராத்திரி திரும்ப வண்டி வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது.

புது வரி என்ற பேச்சை விட்டுவிடுகிறேன். லைஃப் டாக்ஸில் உள்ளூருக்குப் பங்கு என்பதைச் சட்டமன்ற உறுப்பினரிடம் மனுவாகக் கொடுக்கலாம் என்று ஊரில் பேசியிருக்கிறோம். கூடவே எங்கள் நைட் ஹால்ட் பஸ்ஸைத் திரும்ப விடச் சொல்லிப் பணிமனைக்கு ஒன்று. நடத்துநர் ஐயா, அதில் என்ன எழுத வேண்டும் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

ஓய்வு நடத்துநர் (குடந்தை)

முதல் நடையில் தினம் எத்தனை பேர் ஏறுவார்கள், எங்கே வேலைக்குப் போகிறார்கள் என்று பெயரோடு எழுதுங்கள். ராத்திரி நடையும் காலை நடையும் ஒரே கணக்கு என்று முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள்.

அப்புறம் யாரும் எழுதாத ஒன்று. நைட் ஹால்ட் டூட்டி என்றால் எங்கள் ஆட்கள் ஏன் முகம் சுளித்தார்கள் தெரியுமா? கொசுக்கடியில் பஸ் சீட்டில் படுத்துவிட்டு, விடியற்காலை இருட்டில் ஆற்றங்கரைக்குப் போகவேண்டும். மழைக்காலத்தில் அதுவும் முடியாது. படுக்க இடமும் கழிப்பறையும் ஊர் தரும் என்று எழுதினால் டூட்டி போடுகிறவருக்குப் பாதி வேலை மிச்சம்.

வெட்டாற்றங்கரையான் (தஞ்சாவூர் பக்கம்)

எங்கள் வீட்டுத் திண்ணை பெரிசு ஐயா, ஃபேன் போட்டுத் தருகிறேன். சமுதாயக் கூடத்தில் கழிப்பறை இருக்கிறது. சாவி தலையாரி வீட்டில் தொங்குகிறது, இன்று சாயங்காலம் போய் வாங்கி வருகிறேன்.